முட்டும் வரைக்கும்

இன்னொரு தம்ளர் குடிக்க வையுங்கள், ஒண்ணுக்கு முட்டினதும் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு அந்த நர்ஸ் பெண் போய்விட்டாள். சொல்வதற்கென்ன, வாய்தானே. குடிக்க வேண்டியவள் தனுஷ்கா, ஒன்பது வயது, தண்ணீரைக் கண்டாலே கஷாயத்தைக் கண்ட மாதிரி முகத்தைத் திருப்புகிறவள். குடிக்க வைக்க வேண்டியவள் செண்பகவல்லி, அவளுக்குச் சித்தி, அதாவது அப்பாவின் இரண்டாம் பெண்டாட்டி. பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியவள் காந்திமதி, செத்துப்போன அம்மா உமாவுக்கு அக்கா, தனுவுக்குப் பெரியம்மா. வேலையை எவ்வளவு கச்சிதமாகப் பங்கு வைத்திருக்கிறார்கள் என்று செண்பகவல்லி நினைத்துக்கொண்டாள். பாளையங்கோட்டையில் ஒரு சந்துக்குள் இருந்தது அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரி. சுவரெல்லாம் வாத்தும் முயலும் வரைந்து வைத்திருந்தார்கள். வாத்துக்கு மூன்று கால் இருக்கிற மாதிரித் தெரிந்தது, வாலை அந்த லட்சணத்தில் வரைந்திருந்தான். இதைப் பார்த்து எந்தப் பிள்ளைக்குப் பயம் தெளியும். எதிர் பெஞ்சில் ஒருத்தன் செல்போனில் சத்தமாகச் சிரிப்புக் காட்சி பார்த்துக்கொண்டிருந்தான், மடியில் கையில் ஊசி குத்தி ஒட்டின மகன் தூங்கினான். அடுத்து ஒருத்தி, வயிற்றுப்போக்கு என்று வந்தவள், பிள்ளைக்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இவர்களுக்கெல்லாம் கேட்காமலே பிள்ளை பிறந்துவிடுகிறது. எப்படி வளர்க்கிறாய் என்று ஒருத்தரும் பின்னால் வந்து நின்று பார்ப்பதில்லை. சிப்ஸ் கொடுத்தால் பாசம். தான் கொடுத்தால் அதே சிப்ஸ் பாளையங்கோட்டையிலிருந்து கோவில்பட்டி வரைக்கும் பேசப்படும். குடி தனு என்றாள். தனு உதட்டை நனைத்துக்கொண்டு தம்ளரைக் கீழே வைத்தாள். "முட்டுதா?" "இல்ல." இந்த இல்லையை நம்பக்கூடாது என்று செண்பகவல்லிக்குத் தெரியும். இந்தப் பிள்ளை வாயைத் திறந்தால் முதலில் வருவது இல்லை. நனைச்சிட்டியா, இல்ல. பள்ளிக்கூடத்துல போனியா, இல்ல. வலிக்கா, இல்ல. பெரியவர்கள் கேட்கிற எதற்கும் இல்லை என்று சொல்லிவைத்தால் பாதி ஆபத்து தாண்டிவிடும் என்று இவளுக்கு யார் கற்றுக்கொடுத்தார்களோ.

காந்திமதி இந்தப் பக்கத்தில் உட்காராமல் அந்தச் சிப்ஸ்காரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். தலையில் கால் முழத்துக்கு மேல் பிச்சிப்பூ, கையில் நெல்லையப்பர் கோவில் திருநீற்றுப் பொட்டலம். ஆஸ்பத்திரிக்கு வருகிறவள் எதற்குப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு வர வேண்டும், கலியாண வீடா. மெதுவாகத்தான் பேசினாள். ஆனால் மெதுவாகப் பேசுகிறவர்களுக்கு ஒரு குணம், கேட்க வேண்டியவர்கள் காதில் விழுகிற அளவுக்குத்தான் மெதுவாகப் பேசுவார்கள். எந் தங்கச்சி மக, அவ போயி நாலு வருசம் ஆகுது, பிள்ளைக்கு அந்த ஏக்கம்தான் இப்படி ஒண்ணுக்குப் போறது, பெத்தவ இருந்தா வருமா, என்ன இருந்தாலும் பெத்தவ பெத்தவதான என்று அவள் சொல்ல, சிப்ஸ்காரி உச்சுக் கொட்டினாள். உச்சுக் கொட்டிவிட்டுத் திரும்பி செண்பகவல்லியை ஒரு பார்வை பார்த்தாள். தலையிலிருந்து கால் வரைக்கும் அளந்து, சேலை, தாலிக்கொடி, கையில் பிடித்திருந்த தம்ளர் எல்லாம் பார்த்து, ஆமாம் இவள்தான் என்று முடிவு கட்டினாள். செண்பகவல்லி அவளைப் பார்த்துச் சிரித்து வைத்தாள். இந்தச் சிரிப்பை அவள் கலியாணமான மறுநாளே பழகிவிட்டாள். ஏக்கமாம். உமா உயிரோடு இருந்தபோதே பிள்ளைக்கு இது இருந்தது. கலியாணத்துக்குப் பிறகுதான் பக்கத்து வீட்டு ஆச்சி அதை வாய் தவறிச் சொன்னாள். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதே காந்திமதிதான் முன்னால் உட்கார்ந்து மைசூர்பாகைத் தின்றுகொண்டே, பிள்ளை தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவும் கிடையாது, நீ நல்லாப் பாத்துக்கிட்டாப் போதும் என்றாள். முப்பத்து மூன்று வயது வரைக்கும் கோவில்பட்டியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றே காலம் போன ஒருத்திக்கு எவ்வளவு சொன்னால் போதும், எதைச் சொல்லாமல் விடலாம் என்று அவர்களுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. கலியாணமாகி வந்த முதல் காலையில் அந்த அறையைத் திறந்தபோது அடித்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. பாயைச் சுருட்டினால் அதன் கீழே உரச்சாக்கைப் பிரித்து விரித்திருந்தார்கள். உரச்சாக்கு. புருஷன் ஆவுடையப்பனுக்கு மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர் வேலை, மாடி வீடு, கூடத்தில் உமா படத்துக்குச் சின்ன விளக்கு, சரம், எல்லாம் இருந்தது. அவள் பெற்ற பிள்ளைக்குக் கீழே விரிக்க ஒரு ரப்பர் ஷீட் வாங்க அந்த வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. செத்தவளுக்குத் தினம் பூ, இருக்கிறவளுக்கு உரச்சாக்கு.

தனு தம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். குடி என்றாள் மறுபடியும். பிள்ளையின் மீது கோபம் வந்தது. கோபம்கூட இல்லை, ஒரு அருவருப்பு, அதை வேறு பெயர் சொல்லி அழைக்க அவளுக்கு இஷ்டமில்லை. நனைந்த ஜட்டியை இந்தப் பிள்ளை எங்கெல்லாம் ஒளித்து வைத்திருக்கிறது. அரிசிப் பானைக்குப் பின்னால், பழைய டிரங்குப் பெட்டியில், ஒருநாள் பள்ளிக்கூடப் பையில் தமிழ்ப் புத்தகத்துக்கும் சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில். எதற்கு ஒளிக்கிறாய், என்னிடம் கொடு, நான் அலசிப் போடுகிறேன் என்று எத்தனை தடவை சொன்னாள். சரி சித்தி என்று தலையாட்டும். மறுநாள் வேறு இடத்தில் ஒளிக்கும். என்ன ஒரு களவாணித்தனம். அடித்தாளா, இல்லை. ஒரு தடவைகூடக் கை ஓங்கவில்லை. ஓங்கவில்லை என்பதை ஊருக்கு நிரூபிக்கத்தான் ஓங்கவில்லையோ என்று சில சமயம் சந்தேகம் வரும். பெற்றவளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, அடுத்த நிமிஷம் மடியில் போட்டுக்கொண்டிருப்பாள். அதற்கெல்லாம் உரிமை வேண்டும். இவளுக்கு இருந்தது மூக்கைச் சுருக்காமல் அந்தத் துணியை எடுத்து வாளியில் போடுகிற உரிமை. மூக்கைச் சுருக்காமல் இருக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே. முதல் வருஷம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனாள். பிள்ளை படுத்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குத் தெரிந்திருக்குமா. தெரியாமல் இருக்குமா. மூச்சைப் பிடித்தால் கன்னம் உப்புமே. பிறகு காய்ச்சல்கள் ஆரம்பித்தன. நடுக்கிக்கொண்டு வருகிற காய்ச்சல், விலாவைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிடும். ஆவுடையப்பன் மாத்திரை வாங்கி வந்தான். குறையும். மறுபடி வரும். போஸ்ட் கம்பத்தில் கரண்டு ஓடுகிற கம்பியைக் கையால் பிடிக்கிற மனுஷன், மகளுக்குக் காய்ச்சல் என்றால் வாசலுக்கும் கூடத்துக்கும் நடப்பான். வயசுக்கு வந்தாச் சரியாயிரும்னு மைனி சொல்லுதாவ என்பான், மைனி என்றால் காந்திமதி. மைனி சொல்லுதாவ. அந்த வீட்டில் எது நடந்தாலும் அதற்கு ஒரு மைனி சொல்லுதாவ இருந்தது. கடைசியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவள் செண்பகவல்லிதான். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள், வழியில் பிள்ளை மடியை நனைத்துவிட்டது, சுடச்சுட. அன்றைக்கு ஏனோ வாடை தெரியவில்லை. அதைப் பெரிய விஷயமாக இப்போது எதற்கு நினைக்க வேண்டும். காய்ச்சல் பயத்தில் மூக்கு அடைத்திருக்கும்.

அந்த முதல் தடவை டாக்டர் ஃபாத்திமா ஒரு தாளை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். மேலே இரண்டு அவரை விதை, அதிலிருந்து இரண்டு குழாய், கீழே ஒரு பை, பைக்கு ஒரு வாசல். மூத்திரம் போகிற நேரத்தில் பை தள்ள வேண்டும், வாசல் திறக்க வேண்டும். இவளுக்குப் பை தள்ளும்போது வாசலும் இறுக்கி மூடிக்கொள்கிறது. அதனால் பாதிதான் வெளியே போகிறது, மீதி உள்ளேயே நிற்கிறது, நின்றது கெட்டுப்போய்க் காய்ச்சல் வருகிறது, கொஞ்சம் பின்னாலேயே ஏறிக் கிட்னி வரைக்கும் போகிறது. நிறைந்து வழிகிறதுதான் ஜட்டியை நனைக்கிறது. அதாவது இவள் அடக்கத் தெரியாமல் நனைக்கவில்லை, விடத் தெரியாமல் நனைக்கிறாள் என்றார். முதுகெலும்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்து நரம்பில் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதனால் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் தனு போகவே மாட்டாள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஏன் எங்கிட்டச் சொல்லல என்று கேட்டதற்குப் பிள்ளை சுவரைப் பார்த்தது. அப்புறம் மாத்திரை. மணி பார்த்து மூத்திரம் போகிற பழக்கம். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து இறுக்குவது எப்படி, தளர்த்துவது எப்படி என்று ஒரு பயிற்சி. மாத்திரையில் வாய் வறண்டு பிள்ளை நாக்கை நீட்டிக்கொண்டு திரிந்தது. சித்தி பிள்ளைய என்னமோ மருந்தக் கொடுத்து வாட்டுதா என்று தெருவில் ஒரு பேச்சு போயிற்று. போன தடவை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் நல்ல செய்தி வராது. இன்னொரு தடவை மூத்திரம் போவதை அளக்கிற மெஷினில் உட்காரவைத்துப் பார்ப்போம், அப்பவும் பாதிக்கு மேல் உள்ளேயே நின்றால் மாத்திரையை நம்பி இருக்க முடியாது, கிட்னி தேய ஆரம்பித்துவிடும், ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவோடு வாங்க என்றார். ஒன்று, மெல்லிசான குழாயை மூத்திரத் துவாரத்தில் விட்டு ஒரு நாளைக்கு நாலைந்து தடவை வீட்டிலேயே காலி பண்ணுவது. இன்னொன்று, ஆபரேஷன் பண்ணி மேலே ஏறுகிற குழாயை மாற்றித் தைப்பது. பை இதே மாதிரி இறுக்கிக்கொண்டு இருந்தால் தைத்ததுகூட நிற்காது என்பதையும் சேர்த்தே சொன்னார். ஆவுடையப்பன் காதில் கடைசி வாக்கியம் மட்டும் விழவே இல்லை.

பேசி முடிவோடு வாருங்கள். யாரோடு பேசுவது. அன்றைக்குச் சாப்பிடும்போது எடுத்தாள். ஆபரேஷன்னா ஒரேயடியா முடிஞ்சிரும்லா, லீவு போட்டுட்டு யாருக்கும் தெரியாமப் பண்ணிட்டு வந்துரலாம் என்றான் அவன். யாருக்கும் தெரியாமல் என்பதுதான் அவனுடைய மருத்துவம். ஆபரேஷன் நிற்காது என்கிறாரே என்றதற்கு, டாக்டருமாரு அப்படித்தான் சொல்லுவாவ என்றான். அப்படியானால் குழாய் என்றாள். அவன் சோற்றை ஒரு ஓரமாக ஒதுக்கினான். பிறகு, நீ பாத்து எது நல்லதோ பண்ணு என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். நீ பாத்து. பெருந்தன்மை மாதிரி எவ்வளவு அழகாக இருக்கிறது கேட்க. செண்பகவல்லி பார்த்துப் பண்ணினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆபரேஷன் என்று சொன்னால், பச்சைப் பிள்ளையைக் கத்தி வைத்துக் கிழிக்கச் சொன்னாள் என்பார்கள். குழாய் என்று சொன்னால், வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையின் கால் இடுக்கில் என்னவோ குத்துகிறாள் என்பார்கள், இது கத்தியை விட மோசம், இதை வாயால் சொல்லக்கூட மாட்டார்கள், கண்ணால் சொல்வார்கள். ஒன்றும் வேண்டாம், வயதுக்கு வரட்டும் என்று விட்டால், அவள் பெற்றதா என்ன, கிட்னி போனால் அவளுக்கு என்ன என்பார்கள். மூன்று வழி, மூன்றும் ஒரே வாசலில்தான் போய் நிற்கும், அந்த வாசலில் காந்திமதி பிச்சிப்பூவோடு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் நாலாவதாக ஒன்று வேறு இருந்தது, குற்றாலத்துப் பக்கம் ஒரு வைத்தியர், அடிவயிற்றில் எண்ணெய் தேய்த்து ஒரு மண்டலம் பத்தியம், எத்தனையோ பிள்ளைகளுக்குக் கேட்டிருக்கிறதாம். எந்தப் பிள்ளை, எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் அவளுக்கு ஞாபகம் வராது. இவர்கள் யாருக்கும் பிள்ளை மீது பிரியம் இல்லையா என்றால், இருக்கிறது, அதுதான் எரிச்சல். தூரத்தில் நின்று வைக்கிற பிரியம். அதில் கை நனைவதில்லை.

ஆனால் தன் கை மட்டும் என்ன வாழ்ந்தது. போன தடவை வேறொரு நர்ஸ் ஒரு ரப்பர் பொம்மையை மேஜை மேல் மல்லாத்திப் போட்டு, இங்கே பாருங்க, இதான் இடம், இப்படி விரிச்சு, இப்படி மெதுவா என்று காட்டினபோது செண்பகவல்லி பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னலை. சரி புரியுது என்று சொல்லிவிட்டு வந்தாள். எதுவும் புரியவில்லை. பஸ்ஸில் வரும்போது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள், எதையும் தொடாத கையை. தன் வயிற்றில் பிறந்ததாக இருந்தால் இந்தக் கை இப்படி மிரளுமா என்று யோசித்தாள். பதில் தெரியாது, தெரிய வாய்ப்பும் இதுவரை வரவில்லை. கலியாணமாகி மூன்று வருஷம், அதைப் பற்றியும் காந்திமதிக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பிள்ளையின் அந்த இடத்தைத் தொட வேண்டும், தினமும், பல தடவை. குழாய் தப்பிப் போய்விட்டால், ரத்தம் வந்துவிட்டால், பிள்ளை கத்தினால். தெருவுக்கே கேட்கும். யோசித்துப் பார்த்தால் அவள் பயந்தது ரத்தத்துக்கு இல்லை, கத்தலுக்கு. கத்தலுக்குக்கூட இல்லை, அதைக் கேட்கப்போகிறவர்களுக்கு. இதைக் கண்டுபிடித்ததும் அவளுக்குத் தன் மீதே காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. இவ்வளவு நேரம் இவர்களை எல்லாம் தராசில் வைத்து நிறுத்துக்கொண்டிருந்தவள், கடைசியில் அவர்களுடைய வாய்க்குத்தான் நடுங்குகிறாள். உரச்சாக்கை விரித்தவர்களுக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம். அவள் ரப்பர் ஷீட் வாங்கினாள், அவ்வளவுதானே. எதிர் பெஞ்சுக்காரன் செல்போனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். மடியிலிருந்த பிள்ளை முழித்து அழ ஆரம்பித்தது. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, ஊசி குத்தின கையைத் தன் உள்ளங்கையில் வைத்து ஊதினான், மெதுவாக, விடாமல், அது மறுபடி தூங்குகிற வரைக்கும். செண்பகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருத்தனைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்த பிறகு அவன் இப்படி மாற்றிக்கொண்டு நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

தனு பெஞ்சின் நுனிக்கு வந்துவிட்டிருந்தாள். குதிகாலை மடித்து அதன் மீது உட்கார்ந்து, தொடையை ஒன்றோடொன்று அழுத்தி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த உட்காரலை செண்பகவல்லி வீட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், டிவி பார்க்கும்போது, வீட்டுப்பாடம் எழுதும்போது, பிள்ளைக்கு ஒழுங்காக உட்காரத் தெரியவில்லை என்று மட்டும் நினைத்திருக்கிறாள். உதட்டுக்கு மேலே பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. எவ்வளவு நேரமாக இப்படி இருக்கிறாளோ. தனு, முட்டுதுல்லா என்றாள் செண்பகவல்லி, கேள்வியாக இல்லாமல். தனு இல்லை என்று சொல்ல வாயைத் திறந்து, சொல்லாமல் தலையை மட்டும் அசைத்தாள். வா, எந்திரி. பிள்ளை எழுந்து, நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு மொழுமொழுவென்று வழுக்குகிற படியில் இறங்குகிறவள் மாதிரி நடந்தாள். நர்ஸ் பெண் வந்து கூட்டிக்கொண்டு போனாள். அறைக்குள் ஒரு நாற்காலி, நடுவில் ஓட்டை, கீழே ஒரு புனல், அதிலிருந்து மெஷினுக்கு வயர். உள்ளே யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். குழாயைத் திறந்துவிடுங்க, தண்ணிச் சத்தம் கேட்டா வரும் என்று காந்திமதி கதவுக்கு வெளியே நின்று யோசனை சொன்னாள். செண்பகவல்லி காதைக் கதவோரம் வைத்துக்கொண்டு நின்றாள். ஒன்றுமில்லை. பிறகு கொஞ்சம். நின்றது. மறுபடி கொஞ்சம். நின்றது. யாரோ பூட்டிய கதவை உள்ளிருந்து தள்ளித் தள்ளிப் பார்ப்பது மாதிரி. விடு, விடு, விட்டுரு தாயி என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது. தன் அடிவயிறும் சேர்ந்து இறுகிக்கொண்டிருப்பதை அப்புறம்தான் கவனித்தாள். உள்ளே சத்தம் அடங்கிவிட்டது. கதவு திறந்து, தனு பாவாடையைச் சரிசெய்துகொண்டு வந்தாள். அப்படியே பக்கத்து அறையில் படுக்கவைத்து, வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். பார்த்தவர் ஒன்றும் சொல்லவில்லை. இவர்கள் சொல்லாமல் இருப்பதற்கும் சம்பளம் வாங்குகிறார்கள்.

டாக்டர் அறைக்குள் போகும்போது, வெளியே போயிருந்த ஆவுடையப்பனும் வந்து சேர்ந்துகொண்டான், டீ வாசனையோடு. டாக்டர் மெஷின் கொடுத்த தாளை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு மேடு ஏறி இறங்குகிற மாதிரி வந்திருக்க வேண்டும், இது ரம்பப் பல் மாதிரி வந்திருக்கிறது, போனதை விட நின்றது அதிகம் என்றார். அதற்கு மேல் அவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. என்ன முடிவு பண்ணினீர்கள் என்று கேட்டார். ஆவுடையப்பன் தொண்டையைச் செருமி, ஆபரேஷன் என்று ஆரம்பித்தான். டாக்டர் பொறுமையாக மறுபடியும் சொன்னார். குழாய் வைத்து ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பையைக் காலியாகவே வைத்திருந்து, கூடவே பயிற்சியும் கொடுத்தால் பல பிள்ளைகள் குழாயை விட்டுவிடுகிறார்கள், விட முடியாதவர்களும் உண்டு, அதை இப்போதே சொல்ல முடியாது, ஆபரேஷனை அப்புறமும் பண்ணலாம், போன கிட்னியைத்தான் திருப்பிக் கொண்டுவர முடியாது. கூடவே உள்ளே வந்திருந்த காந்திமதி முன்னால் நகர்ந்தாள். "பொம்பளப் பிள்ள மேடம். அந்த எடத்துல குழாய விட்டா நாளைக்கு ஒரு கலியாணம் காச்சின்னு ஒண்ணு இருக்குல்லா." அது வேறு வழி, இது வேறு வழி, அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது என்று டாக்டர் சொன்னார். காந்திமதிக்கு அது போதவில்லை. திரும்பி செண்பகவல்லியைப் பார்த்துவிட்டு டாக்டரிடம் கேட்டாள். "அத யாரு போடுவா? இவளா?"

இத்தனை வருஷமாகப் பூவுக்குள்ளும் திருநீற்றுக்குள்ளும் பொதிந்து வைத்திருந்தது கடைசியில் ஒரு சொல்லாக வெளியே வந்து மேஜை மேல் விழுந்தது. இவளா. செண்பகவல்லி இதற்குப் பதில் வைத்திருந்தாள். எத்தனையோ நாள் பாத்திரம் துலக்கும்போதும் துணி அலசும்போதும் அந்தப் பதிலைக் கூராக்கி வைத்திருந்தாள், உரச்சாக்கில் ஆரம்பித்து மைசூர்பாகில் முடிகிற பதில். இப்போது அந்தப் பதில்கூடத் தேவையில்லை. நான் போடுகிறேன் என்று சொன்னால் போதும். இரண்டே வார்த்தை. பொம்மையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. ஆவுடையப்பன் தரையைப் பார்த்தான். டாக்டர் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தனு கேட்டாள், டாக்டரைப் பார்த்து, சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை.

"பிள்ளைங்களே போட்டுக்கிடலாமா?"

டாக்டர் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டார். போடலாம், உன் வயதில் போட்டுக்கொள்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், பழகக் கொஞ்ச நாள் ஆகும், கை சுத்தமாக இருக்க வேண்டும், பயம் இருக்கக்கூடாது என்றார்.

"அப்பம் நானே போட்டுக்கிடுதேன். யாரும் போட வேண்டாம்."

சொல்லிவிட்டு அவள் திரும்பி அவர்களைப் பார்த்தாள். முதலில் அப்பாவை. பிறகு பெரியம்மாவை. அவசரமில்லாமல், ஒவ்வொருவர் மீதும் கண்ணை வைத்து, எடுத்து, அடுத்தவர் மீது வைத்தாள். அழுகை இல்லை, கோபம் இல்லை. இவ்வளவுதானா நீங்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை, மூக்கின் ஓரத்தில் ஒரு சின்னச் சுருக்கம். உமாவின் படத்தில் அந்த முகம் கிடையாது, அவள் பாவம், சிரித்தபடி இருக்கிறாள். ஆவுடையப்பனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் அது வராது. செண்பகவல்லிக்கு அந்தப் பார்வையைத் தெரியும். அது அவளுடையது. அச்சு அசல். மூன்று வருஷம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு, பாயில் படுத்தபடி பார்த்து, பிள்ளை அதை எடுத்துக்கொண்டிருக்கிறது. பின்னல் போட எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை, வாய்ப்பாடு வரவில்லை, தண்ணீர் குடிக்க வரவில்லை. சொல்லிக்கொடுக்காத இது வந்திருக்கிறது. வெட்கப்படுவதா, என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்பது வயதில் ஒரு பிள்ளை பெரியவர்களை இப்படிப் பார்க்கக்கூடாது. ஆனால் இப்படிப் பார்க்கத் தெரிந்திருப்பதால்தான் நிமிர்ந்து நிற்கிறாள். காந்திமதியின் ஏக்கம் அவளை நிற்க வைத்திருக்காது. பெருமைப்படலாமா என்று நினைக்கும்போதே அந்தக் கண் அவளிடம் வந்துவிட்டது. வந்து, அதே அளவு நேரம் நின்றது. கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அவளையும் சேர்த்துத்தான்.

இன்றைக்கே ஒரு தடவை செய்து பார்க்கலாம், உள்ளே நிற்கிறதை எப்படியும் எடுக்க வேண்டும் என்று சொல்லி டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். நர்ஸ் தனுவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே கிளம்பின காந்திமதியைப் பார்த்து, பெரியம்மா நீ வர வேண்டாம் என்றாள் தனு. காந்திமதி நின்றுவிட்டாள், கண்ணைத் துடைக்கக்கூடத் தோன்றாமல். அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவன் எழுந்திருக்கவே இல்லை. செண்பகவல்லி வாசல் வரைக்கும் போய், உள்ளே வா என்றும் சொல்லாமல் போ என்றும் சொல்லாமல் திறந்து கிடந்த கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே தனு சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள், விரல் இடுக்கெல்லாம் தேய்த்து, நர்ஸ் போதும் என்ற பிறகும் தேய்த்தாள். கட்டிலில் காலை மடக்கி உட்காரவைத்தார்கள். நர்ஸ் ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்து, இதில் பார்த்தால்தான் இடம் தெரியும், ஆம்பளப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், நமக்கு வேண்டும் என்று சொல்லிக் காலுக்கு இடையில் வைத்தாள். அது நிற்காமல் சரிந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி சரிந்தது. தனு நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

"சித்தி, நீங்க வந்து கண்ணாடியப் பிடிங்க. ஆனா பாக்கப்பிடாது."

செண்பகவல்லி உள்ளே போனாள். செருப்பை எங்கே விடுவது என்று தெரியாமல் கதவோரம் விட்டாள். கையைக் கழுவச் சொன்னார்கள், கழுவினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணாடியை நர்ஸ் காட்டின சாய்வில் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்டது. நர்ஸ், மெதுவா, மூச்ச விடு, இறுக்காத என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பிள்ளை மூச்சை உள்ளே இழுத்தது. தப்பிவிட்டது போல. நர்ஸ் வேறொரு குழாயை எடுத்துக் கொடுத்தாள். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு இடம் தெரிந்தது, செண்பகவல்லி அதையே பார்த்தாள். கழுத்து வலித்தது. திரும்பிப் பார்த்துவிடலாம், யாருக்கும் தெரியாது, தப்பான இடத்தில் விட்டுவிடப் போகிறாள் என்கிற பயத்தில்கூடப் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. தன் மூச்சு நின்றுபோயிருந்ததை உணர்ந்து மெதுவாக விட்டாள்.

"சித்தி, ஆடுது."

செண்பகவல்லி முழங்காலைத் தரையில் ஊன்றி, இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்தாள்.